ஆட்டாங்கல்லும் டிபன் கேரியரும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

இரண்டு மாதங்களுக்கு முன் அம்மா தவறிவிட்டார். காங்கேயம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு இடத்தைப் பங்கு பிரிக்கிறோம். வாசலில் அம்மாவின் ஆட்டாங்கல் கிடக்கிறது. "பெங்களூரில் நான்காவது மாடியில் இதை எங்கே வைப்பாய்?" என்று அண்ணன் கேலி செய்கிறார். சின்ன வயதில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா மாவாட்டுவதைப் பார்த்தது கண்ணிலேயே நிற்கிறது. விட்டுவர மனம் இல்லை. மற்ற சாமான்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பித்தளைப் போசிகளை அண்ணி எடுத்துக்கொண்டார். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பழைய சேலையில் சுற்றிய நசுங்கிய டிபன் கேரியர் ஒன்று இருந்தது. அதையும் எடைக்குப் போட ஒதுக்கியாயிற்று. ஒரு கல்லின் மேல் இவ்வளவு பாசம் வைப்பது பைத்தியக்காரத்தனமா?

ஒரு வாசகி, பெங்களூரு

அன்புள்ள அம்மிணி,

பைத்தியக்காரத்தனம் இல்லை. ஆனால் அந்தப் பாசம் யாருடையது என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

எங்கள் வீட்டுக்குக் கிரைண்டர் வந்தது 1983-ல். வந்த மறுவாரமே அம்மா ஆள் வைத்து ஆட்டாங்கல்லைக் கடப்பாரையால் நெம்பி, கட்டுத்தறிக்கு உருட்டச் செய்துவிட்டார். அதன்பிறகு அதில் கோழிகள் தண்ணீர் குடித்தன. என் முகம் போன போக்கைப் பார்த்து, "நோம்பிக்கு இரண்டு வள்ளம் அரிசியை ஒரு நாள் நீ ஆட்டு. அப்புறம் அழுதுகொள்" என்றார். அவருடைய வலது தோள் கடைசிவரை வலித்தது. ஆட்டாங்கல்லை நினைத்து உருகுகிற நாமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்கள் அம்மிணி. ஆட்டியவர்கள் உருகி நான் பார்த்ததில்லை.

கோவையில் பி. சபாபதி 1955-ல் கிரைண்டரைக் கொண்டுவந்தார். ஆட்டாங்கல்லில் கல் கிடந்த இடத்தில் கிடக்கும், குழவியைக் கை சுழற்ற வேண்டும். கிரைண்டரில் அது தலைகீழ். கல் சுழலும், குழவி நின்ற இடத்திலேயே நிற்கும், கைக்கு வேலை இல்லை. கல் என்னவோ அதே ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்தான். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை 2006 வாக்கில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்தக் குறியீடு என்னவென்று அவர் கேட்கவில்லை. "செய்தவன் குடும்பம் நன்றாக இருக்கட்டும்" என்றார், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்டாங்கல் வழவழத்துப் போனால் மாவு மசியாது. அதற்காகவே உளியும் சுத்தியலுமாகத் தெருவில் கூவிக்கொண்டு ஒருவர் வருவார். குழிக்குள் வட்டம் வட்டமாகப் பொளிந்து, ஒரு தோலையே உரித்துவிட்டுப் போவார். பல்லில் கல் நறநறக்காமல் இருக்க, முதலில் தவிட்டைப் போட்டு ஆட்டிக் கழுவிக் கொட்டுவார்கள். ஆக, உங்கள் அம்மாவின் விரல் பட்ட கல் பல தடவை தூளாகி அந்த வாசலிலேயே போய்விட்டது. குழவியின் தலையை மட்டும் யாரும் கொத்துவதில்லை. தடவிப் பாருங்கள். அந்த வழவழப்பு முழுக்கக் கை தேய்த்துத் தேய்த்து வந்தது. கொண்டுபோவதென்றால் குழவியைக் கொண்டுபோங்கள். கல்லை ஓட்டல்காரர் யாருக்கும் விற்றுவிடாதீர்கள். முகப்பில் வைத்துத் தண்ணீர் ஊற்றி ரோஜா இதழ்களை மிதக்கவிடுவார்கள். எனக்கு அந்தக் காட்சியே ஆகாது.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது கல்லைப் பற்றி எழுதியதை அல்ல. ஆட்டாங்கல்லை அம்மா வெயிலிலும் மழையிலும் விட்டுவைத்திருந்தார். டிபன் கேரியரைச் சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். நம் பக்கத்துப் பெண்கள் உடைந்தது நசுங்கியதை வைத்துக்கொண்டு இருப்பவர்கள் அல்ல. ஒரு போசி ஓட்டையானால் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டு, மேலே காசு கொடுத்துப் புதிதோடு திரும்புவார்கள். பித்தளை அண்டாக்கள் எவர்சில்வராக மாறிய கதையும் அதுதான். அப்படிப்பட்டவர் ஒன்றைப் பொத்தி வைத்திருக்கிறார்!

அது எந்த மில்லின் சங்குச் சத்தத்துக்கு யார் கையில் போய் வந்தது? எப்படி நசுங்கியது? சுற்றியிருந்த சேலை எந்த நாள் கட்டியது? பெரியம்மா, அத்தை என்று யாராவது இருந்தால் கேளுங்கள். வெளிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள், புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். அப்போதெல்லாம் பெயர் வெட்டாமல் பாத்திரத்தை வீட்டுக்கு எடுத்து வருவது அபூர்வம். நீங்கள் எதிர்பார்க்கிற பெயராகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆட்டாங்கல் எங்கும் போய்விடாது, அதை அசைக்கவே நான்கு பேர் வேண்டும். எடைக்காரர் என்றைக்கு வருகிறார்? அண்ணனுக்கு இப்போதே போன் செய்யுங்கள்.