நகைப் பயிலரங்கில் மீதி வெள்ளி யாருக்கு? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: கோவையில் இரண்டு நாள் வெள்ளி நகைப் பயிலரங்கு ஒன்றில் சேர்ந்தேன். "20 கிராம் சுத்த வெள்ளி உட்பட 9,500 ரூபாய்" என்று விளம்பரம் செய்திருந்தார்கள். நான் செய்து முடித்த மோதிரத்தின் எடை 7 கிராம்தான். மீதியைக் கேட்டபோது, "அது சேதாரத்தில் போய்விட்டது" என்றார்கள். இதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: வேண்டியதில்லை. நகைக்கடை ரசீதில் செய்கூலியை அடுத்து வரும் சேதாரம் என்பது கடைக்காரர் விலையில் சேர்க்கும் ஒரு கணக்கு. அந்த அளவு உலோகம் உண்மையிலேயே அழிந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. பயிலரங்கில் நீங்கள் வெள்ளிக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருக்கிறீர்கள். எனவே வேறு விதமாக எழுத்தில் ஒப்புக்கொள்ளாதவரை வெட்டுத்துண்டும் அரப்பொடியும் உங்களுக்கே உரியவை.

வெள்ளி எங்கே போகும் என்று பாருங்கள். நகை அறுக்கும் வாளின் அலகு ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அது தின்னும் உலோகம் மிகக் குறைவு, அதுவும் தூளாக மேசையிலேயே விழுகிறது. அரத்தால் ராவும்போது உதிரும் பொடியைப் பிடிப்பதற்கென்றே பொற்கொல்லர்கள் மேசைக்கடியில் இழுப்பறையோ தோலோ வைத்திருக்கிறார்கள். பட்டறைத் தூசியை விலைக்கு வாங்கி, கழுவிப் பொன்னையும் வெள்ளியையும் பிரித்தெடுப்பது தனியொரு தொழிலாகவே நடக்கிறது. தீயில் ஆவியாகிவிட்டது என்று சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். வெள்ளி 961.8 டிகிரி செல்சியஸில் உருகுகிறது, ஆனால் கொதிப்பதற்கு 2,100 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். கைவிளக்குச் சுடரில் ஊதும் மாணவருக்கு அந்த நிலை வரவே வராது. மெருகேற்றும்போது துணியிலும் சக்கரத்திலும் போவதுதான் திரும்ப எடுக்கக் கடினமான பகுதி. முதன்முறை செய்பவர் கொஞ்சம் கூடுதலாகவே ராவுவார் என்று வைத்துக்கொண்டாலும், 20 கிராமில் 13 கிராம் அப்படிப் போய்விடாது. பெரும்பகுதி துண்டாகவோ பொடியாகவோ யாரிடமோ இருக்கிறது.

செய்து முடித்த நகையின் எடைக்கு மட்டும் வெள்ளி விலை வாங்கிக்கொண்டு மீதியைத் தாங்களே வைத்துக்கொள்ளும் அமைப்பாளர்களும் உண்டு. முன்கூட்டியே எழுதித் தந்துவிட்டால் அது நியாயமான ஏற்பாடுதான். உங்களுக்கோ 20 கிராம் உட்பட என்றே விளம்பரம் செய்திருக்கிறார்கள். ஆகவே 13 கிராமையும் வெள்ளியாகவோ அன்றைய விலையிலோ தருமாறும், மெருகில் போனதாகச் சொல்லும் அளவைக் கணக்குக் காட்டிக் கழிக்குமாறும் எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தின் படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

"சுத்த வெள்ளி" என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். 999 தரம் மிக மென்மையானது, அன்றாடம் அணியும் மோதிரம் அதில் எளிதாக நெளிந்துவிடும். அதனால் பயிலரங்குகளில் பெரும்பாலும் 92.5 விழுக்காடு வெள்ளி கொண்ட 925 தரத்தைத்தான் தருகிறார்கள். மோதிரத்துக்கு அது நல்ல தேர்வு, ஆனால் அதைச் சுத்த வெள்ளி என்று விற்பது தவறு. 20 கிராம் 925 வெள்ளியில் 1.5 கிராம் வேறு உலோகம், பொதுவாகச் செம்பு, இருக்கும். சந்தேகம் இருந்தால் ஹால்மார்க் மதிப்பீட்டு மையத்தில் சோதித்துக்கொள்ளலாம். அப்போது மோதிரத்தைத் தராமல் ஒரு வெட்டுத்துண்டைத் தாருங்கள். மோதிரத்தில் ஒட்டுப் பொடி (துண்டுகளை இணைக்க உருக்கும் உலோகக் கலவை) வைத்த இடத்தில் செம்பும் துத்தநாகமும் கலந்திருப்பதால் அங்கே தரம் குறைவாகக் காட்டும், அதை வைத்து அமைப்பாளரைக் குறை சொல்வது நியாயம் ஆகாது. வெள்ளிக்கு ஹால்மார்க் முத்திரை இன்னும் கட்டாயமாக்கப்படவில்லை என்பதால், முத்திரை இல்லை என்பதை மட்டும் வைத்துப் புகார் செய்ய இயலாது.

இனிச் சேருபவர்கள் தொடக்கத்தில் தந்த வெள்ளியையும், முடிந்த நகையையும், மீதியையும் தம் கண் முன்னே 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுக்கச் சொல்லி, மூன்று எடைகளையும் ரசீதில் எழுதி வாங்க வேண்டும். எடைக்கு ஏற்ப விலை வாங்கும் இடத்தில் தராசு அரசு முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். நல்ல ஆசிரியர் எவரும் இதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார். எடைக் கணக்குதான் பொற்கொல்லர் தொழிலின் முதல் பாடம்.

கேள்வி: கம்மல் செய்யும் பயிலரங்குக்கு 6,000 ரூபாயை யு.பி.ஐ. மூலம் அனுப்பினேன். இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட்டுப் பிறகு ரத்துசெய்துவிட்டார்கள். "கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்று முன்பே சொல்லியிருந்தோம்" என்கிறார்கள். ரசீதும் தரவில்லை.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: அந்த நிபந்தனையை, நீங்கள் வராமல் போனால் அவர்கள் காட்டலாம். நடத்துவதாகச் சொன்னவரே நடத்தாதபோது அது அவருக்குக் கைகொடுக்காது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறைபாடுள்ள சேவைக்கான பணத்தை ஒப்புக்கொண்ட காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதும், ரசீது தராமல் இருப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைகள் என்றே சொல்லப்பட்டிருக்கின்றன. யு.பி.ஐ. பதிவும் தேதி மாற்றிய செய்திகளும் உங்களுக்குப் போதிய ஆதாரம்.

முதலில் பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ பணத்தைக் கேளுங்கள். பயனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். அதன் பின்னும் தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கல்வி நிறுவனங்கள் இச்சட்டத்துக்குள் வாரா என்று 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம் கூறியதை எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டக்கூடும். அதே தீர்ப்பு தனிப்பயிற்சி மையங்களுக்கு அந்த விலக்கு இல்லை என்றும் கூறியிருக்கிறது. வார இறுதியில் நடக்கவிருந்த தனியார் பயிலரங்கைக் கல்லூரிப் படிப்போடு சேர்த்துப் பார்க்க முடியாது என்பதே என் கருத்து.

உங்கள் பக்கத்துக் காரணத்தால் வர இயலாமல் போயிருந்தால் என் பதில் வேறு. அமைப்பாளர் அதற்குள் உலோகம் வாங்கி, உங்களுக்காக ஓர் இருக்கையையும் ஒதுக்கியிருப்பார். ஒரு பகுதியை அவர் பிடித்துக்கொள்வதில் குறை காண மாட்டேன், உலோகத்தின் மதிப்பைத் தவிர.

கேள்வி: பயிலரங்குக் கட்டணத்தோடு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்று தனியாக வாங்கினார்கள். ரசீதில் பதிவு எண் இல்லை. இது முறையா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: முறையன்று. பதிவு பெறாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. பதிவு பெற்றவரின் ரசீதில் 15 இலக்கம் கொண்ட எண் இருக்க வேண்டும், அதை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் சரிபார்க்கலாம். எண்ணைத் தர மறுத்தால் வரியாக வாங்கிய தொகையைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் பத்துப் பேர் மாதந்தோறும் ஒருவர் வீட்டில் கூடி நகை செய்து பழகுகிறோம். ஒட்டுப் பொடியை மொத்தமாக வாங்கப் போனபோது, சீக்கிரம் உருகும், விலையும் குறைவு என்று ஒரு வகையைக் காட்டினார்கள். "கே.டி.எம். போலத்தான்" என்று கடைக்காரர் சொன்னார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: தயவுசெய்து வாங்க வேண்டாம். கே.டி.எம். என்றாலே கேட்மியம் கலந்த ஒட்டு. கேட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், வெள்ளியை ஒட்டும் சுடரோ அதைவிட மிகச் சூடானது. அந்தப் புகையைச் சுவாசிக்கும்போது பெரிதாக எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் என்று தொடங்கி, நுரையீரல் வீங்கி உயிருக்கே ஆபத்தாகக்கூடும். நாள்பட்டால் சிறுநீரகமும் கெடும், புற்றுநோய்க்கும் அது காரணமாகிறது. சன்னலைத் திறந்து வைப்பதும் துணி முகக்கவசம் கட்டுவதும் இதற்குப் போதா. நீங்கள் கூடுவது வீட்டில் என்பதால், அங்கிருக்கும் குழந்தைகளும் முதியவர்களும் அதே காற்றைத்தான் சுவாசிப்பார்கள்.

வெள்ளி, செம்பு, துத்தநாகம் மட்டும் கலந்த ஒட்டு கிடைக்கிறது. கேட்மியம் இல்லை என்று உறையிலோ ரசீதிலோ எழுதித் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள். கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொல்வதை ஏற்க வேண்டாம். துத்தநாகப் புகையும் காய்ச்சல் தரக்கூடியது என்பதால், காற்றை வெளியேற்றும் விசிறியை ஊதும் இடத்துக்கு அருகிலேயே பொருத்துங்கள். ஒட்டிய பின் கருமையை நீக்கக் கந்தக அமிலம் வாங்கவும் தேவையில்லை. வெந்நீரில் சிட்ரிக் அமிலத்தையோ படிகாரத்தையோ கரைத்தால் போதும், சற்று நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே யாரிடமாவது கே.டி.எம். ஒட்டு இருந்தால் அதைச் சூடாக்காமல் தனியாக மூடி, பெயர் எழுதிவைத்து, உலோகம் பிரித்தெடுக்கும் ஆலையினரிடம் கேட்மியம் கலந்தது என்று சொல்லியே ஒப்படையுங்கள்.