வாசகர் கேள்வி பதில்: எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் இப்படி?

கேள்வி: ஐயா, பினாங்கில் வேலையில்லாதவர்கள் குறைவு என்று செய்தியில் சொல்கிறார்கள். என் கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் 12 வருடமாக வேலை செய்கிறார். சம்பளம் 3,000 வெள்ளி. இப்போது ஆட்குறைப்பு என்கிறார்கள். தானாகவே விலகுவதாகக் கடிதம் எழுதித் தரச் சொல்கிறார்கள். டிப்ளோமா முடித்த மகன் மோட்டாரில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் இப்படி?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, முதலில் அந்தக் கடிதம். உங்கள் கணவர் அதில் கையெழுத்துப் போடவே வேண்டாம். தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், அந்தத் தாளை எதற்காக நீட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் எஸ்ஐபி (வேலை காப்புறுதி) பணமும் கிடையாது. ஆட்குறைப்பு என்றால் ஆட்குறைப்புக் கடிதத்தையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, வருடத்துக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடு என்று 1980-ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிமுறை சொல்கிறது. உங்கள் கணவருக்கு அது 240 நாள் சம்பளம். எட்டு வார முன்னறிவிப்பும் தர வேண்டும். எஸ்ஐபிக்கு 2018 முதல் அவர் சம்பளத்திலும் பிடித்திருப்பார்கள். வேலை போனால் அதிலிருந்து தருவது, முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. அதற்குள் வேலை கிடைக்காவிட்டால், 3,000 வெள்ளிக்கு ஆறு மாதத்தில் மொத்தம் ஏறக்குறைய 8,000 வெள்ளி வரும். வேலை போன 60 நாளுக்குள் மனு செய்ய வேண்டும். வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்து இந்த நாளைத் தவற விட்ட ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மனசு கனக்கிறது. அது அவர் கட்டிய பணம் அம்மா, பிச்சை இல்லை.

சரி, செய்தியில் வரும் அந்த எண். அது பொய் இல்லை. ஆனால் புள்ளிவிவரத் துறை கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் சம்பளத்துக்கு வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். மோட்டாரில் ஓடும் உங்கள் மகனும் அப்படித்தான். படித்த படிப்புக்கு ஏற்ற வேலையா, அடுத்த மாதமும் இருக்குமா என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. மலேசியாவில் கல்லூரி படித்து வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தங்கள் படிப்புக்குக் கீழான வேலையில்தான் இருக்கிறார்கள். உங்கள் வீடு மட்டும் இல்லை.

இன்னொன்று, 1969-இல் தீர்வையற்ற துறைமுகத் தகுதி போனபோது இந்தத் தீவில் வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தது. அதற்கு மருந்தாகத்தான் 1972-இல் பாயான் லெப்பாஸ் தீர்வையற்ற வர்த்தக வட்டாரத்தைத் திறந்தார்கள். அன்று முதல் நம் சோறு மின்னணு ஏற்றுமதியோடு கட்டப்பட்டிருக்கிறது. வெளிநாட்டில் சில்லு வாங்குவது குறைந்தால் இங்கே ஷிஃப்ட் குறையும். உங்கள் கணவரின் உழைப்பில் குறை இல்லை.

மகனுக்காகச் செய்ய வேண்டியவை இரண்டு. டெலிவரிக்காரர்களுக்கான சொக்சோ சுயதொழில் பாதுகாப்பு அவனுக்கு இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். சாலையில் ஓடுகிற பிள்ளை. அப்புறம், பாயான் லெப்பாஸில் 1989-இலிருந்து இயங்கும் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தில் அவன் டிப்ளோமாவுக்குப் பொருந்தும் பயிற்சி உண்டா என்று நேரில் போய் விசாரிக்கச் சொல்லுங்கள்.