என்.டி.ஆர். ஒன்பதே மாசத்துல ஆட்சியைப் பிடிச்சார், அப்புறம் சொந்தக் கட்சியே எப்படி கையை விட்டுப் போச்சு?

கேள்வி கேட்டவர் ரெண்டு விஷயம் கேட்டிருக்கார். கட்சி ஆரம்பிச்சு ஒன்பது மாசத்துல என்.டி.ராமாராவ்ங்கிற (என்.டி.ஆர்.) ஒரு தெலுங்கு சினிமா நடிகர் எப்படி ஆந்திரா முதலமைச்சர் ஆக முடிஞ்சுது, அவ்வளவு மக்கள் செல்வாக்கு இருந்தவரை 1995ல சொந்த மருமகன் சந்திரபாபு நாயுடு எப்படி அவ்வளவு சுலபமா இறக்க முடிஞ்சுதுன்னு. நாங்க சித்தூர் மாவட்டத்துல நகரி பக்கம் தமிழ் பேசுற குடும்பம், வீட்ல தமிழ், வெளியில தெலுங்கு, அதனால இந்த மனுஷனைப் பத்தின பேச்சு எனக்கு சின்ன வயசுலேருந்தே காதுல விழுந்துக்கிட்டே இருக்கு. என்னைப் பொறுத்தவரை ரெண்டு கேள்விக்கும் பதில் ஒண்ணுதான். அவர் மக்கள்கிட்ட நேரா போனார், நடுவுல யாரையும் வெச்சுக்கல. ஜெயிச்சதும் அதனாலதான், தோத்ததும் அதனாலதான்.

முதல்ல 1982ல ஆந்திரா எப்படி இருந்துச்சுன்னு சொல்லணும், இல்லன்னா சினிமா கவர்ச்சியில ஜெயிச்சுட்டார்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. 1978லேருந்து 83க்குள்ள காங்கிரஸ் நாலு முதலமைச்சரை மாத்துச்சு, சென்னா ரெட்டி, அஞ்சையா, பவனம் வெங்கட்ராமி ரெட்டி, கோட்ல விஜயபாஸ்கர ரெட்டி. யார் வரணும் யார் போகணும்கிறது டெல்லியில முடிவாகும், ஹைதராபாத்ல இருக்கிற எம்எல்ஏக்கள் கையைத் தூக்கினா போதும். இதுல 1982 பிப்ரவரியில பேகம்பேட்டை ஏர்போர்ட்ல ஒரு சம்பவம் நடந்துச்சு. ராஜீவ் காந்தி வர்றார்னு அஞ்சையா மேளதாளம் மாலைன்னு பெரிய வரவேற்பு ஏற்பாடு பண்ணியிருந்தார், ராஜீவுக்கு அது பிடிக்கல, எல்லார் முன்னாடியும் ஒரு முதலமைச்சரைத் திட்டிட்டார். கொஞ்ச நாள்ல அஞ்சையா பதவியும் போச்சு. அஞ்சையா தொழிற்சங்கத்துலேருந்து கீழ இருந்து மேல வந்த மனுஷன், அவருக்கு நடந்த அவமானம் மாநிலத்துல எல்லாருக்கும் சுருக்குன்னு குத்துச்சு. இந்த இடத்துலதான் 1982 மார்ச் 29ம் தேதி என்.டி.ராமாராவ் தெலுங்கு தேசம்னு கட்சி பேரை அறிவிச்சு "தெலுங்கு மக்களோட தன்மானம்"னு ஒரே ஒரு விஷயத்தைக் கையில எடுத்தார்.

இங்க நம்ம ஊர் எம்ஜிஆரோட ஒப்பிடறவங்க ஒரு பெரிய வித்தியாசத்தை விட்டுடறாங்க. எம்ஜிஆர் 1972ல தனிக்கட்சி ஆரம்பிக்கும்போது ஏற்கனவே திமுகவுல இருபது வருஷத்துக்கு நெருக்கமா இருந்தவர், 1967லேருந்து எம்எல்ஏ, கட்சிப் பொருளாளர், ரசிகர் மன்றத்துக்காரங்களே கிளைச் செயலாளர் ஆகிட்டாங்க, அப்படியும் ஆட்சிக்கு வர 1977 ஆச்சு. என்டிஆருக்கு அப்படி எந்த அரசியல் பயிற்சியும் கிடையாது. கிருஷ்ணா மாவட்டம் நிம்மகூருல ஒரு விவசாயக் குடும்பத்துல 1923ல பிறந்தவர், பி.ஏ. படிச்சுட்டு சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வேலையை கொஞ்ச நாள்லயே விட்டுட்டு சினிமாவுக்கு வந்தவர், அங்கேயே முப்பது வருஷத்துக்கு மேல ராமன், கிருஷ்ணன், வெங்கடேஸ்வரர்னு வேஷம் போட்டவர். 1977ல திவிசீமா புயல்ல ஆயிரக்கணக்குல ஜனங்க செத்தப்ப ஊர் ஊரா போய் நிவாரணத்துக்கு காசு வசூல் பண்ணினார், பொது வாழ்க்கைன்னு சொன்னா அதுக்கு முன்னாடி அந்த மாதிரி வேலைகள்தான்.

அதனால அவர் என்ன பண்ணினார், ஒரு பழைய செவர்லே வேனை எடுத்து மேல நின்னு பேசற மாதிரி மாத்தி "சைதன்ய ரதம்"னு பேர் வெச்சு கிளம்பிட்டார், மகன் ஹரிகிருஷ்ணாதான் டிரைவர். காக்கி டிரெஸ் போட்டுக்கிட்டு, வேன்லயே தூங்கி, ரோட்டோரம் குளிச்சு, அங்கேயே சாப்பிட்டு, பல்லாயிரம் கிலோமீட்டர் சுத்தினார். மணிக்கணக்கா ஜனங்க ரோட்ல காத்துக்கிட்டு இருப்பாங்க, விடியக்காலை மூணு மணிக்கு வந்தாலும் கூட்டம் கலையாது. பொம்பளைங்களைப் பார்த்து "என் வீட்டுப் பொண்ணுங்களே"ன்னு கூப்பிடுவார், தட்டுல கற்பூரம் வெச்சு ஆரத்தி எடுப்பாங்க, இதெல்லாம் எங்க பெரியம்மா இன்னைக்கும் குரல் மாறிப் போய்தான் சொல்லுவாங்க. இன்னொரு பக்கம் ராமோஜி ராவோட ஈநாடு பத்திரிகை தினமும் அவர் எங்க போறார் என்ன பேசறார்னு பக்கம் பக்கமா போட்டுச்சு. காங்கிரஸ்ல ரெட்டிகள் ஆதிக்கம் ரொம்ப நாளா இருந்ததால கடலோர மாவட்டத்துல அவர் பிறந்த கம்மா சமூகத்துல காசும் நிலமும் இருந்தவங்களுக்கு ஆட்சியில தலைமை கிடைக்கலைன்னு ஒரு ஆதங்கம் இருந்துச்சு, அதுவும் அவருக்குப் பின்னால நின்னுச்சு, இதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா அது மட்டும் இருந்தா ஜெயிச்சிருக்க முடியாது, பிற்படுத்தப்பட்டவங்களுக்கு தாராளமா சீட் கொடுத்தார், அந்த ஓட்டு அந்தக் கட்சியோட பல வருஷம் இருந்துச்சு.

வேட்பாளர்கள்ல பெரும்பாலானவங்க புதுமுகம், டாக்டர், வக்கீல், இளைஞர்கள்னு அதுவரைக்கும் அரசியலே தெரியாதவங்க. 1983 ஜனவரியில 294 இடத்துல 200க்கு மேல ஜெயிச்சார். அவரே குடிவாடா, திருப்பதின்னு ரெண்டு இடத்துல நின்னு ரெண்டுலயும் ஜெயிச்சார். ஜனவரி 9 அன்னைக்கு ராஜ்பவன்ல இல்லாம லால் பகதூர் ஸ்டேடியத்துல ஜனங்க முன்னாடி பதவி ஏத்துக்கிட்டார். ஆந்திரா உருவானதுலேருந்து முதல் காங்கிரஸ் அல்லாத ஆட்சி அது.

இப்ப அந்த ரெண்டு ரூபாய் அரிசி. அதை அவர் வாக்குறுதியா சொன்ன உடனே காங்கிரஸ் அரசாங்கமே பயந்து தேர்தலுக்கு முன்னாடி கிலோ 1 ரூபாய் 90 காசுன்னு கொடுத்துப் பார்த்துச்சு, அப்படியும் எடுபடல. ஆட்சிக்கு வந்ததும் கிலோ 2 ரூபாய், குடும்பத்துக்கு மாசம் அதிகபட்சம் 25 கிலோன்னு கொடுத்தார். இதை இலவசம், ஓட்டுக்கு லஞ்சம்னு இன்னைக்கு ஃபேன் கீழ உட்கார்ந்து எழுதறவங்களைப் பார்த்தா எனக்கு கோபம்தான் வருது. எங்க பக்கத்துல அதுக்கு முன்னாடி கூலிக்குப் போற வீட்ல அரிசிச் சோறுங்கிறது தினமும் கிடையாது, கேழ்வரகுக் களியும் கூழும்தான், அந்த வீடுகள்ல தினமும் உலை கொதிச்சது இந்த அரிசியாலதான்.

அதைவிட பெரிய வேலைன்னு நான் நினைக்கிறது ரெண்டு. ஒண்ணு, 1984ல ஊர் நிலக் கணக்கும் வரி வசூலும் பார்த்த, பரம்பரையா வந்த கர்ணம், முன்சீஃப், தெலங்கானா பக்கம் பட்டேல் பட்வாரி பதவிகளை ஒழிச்சது. எம்ஜிஆர் இதை 1980லயே தமிழ்நாட்டுல பண்ணிட்டார். கிராமத்துல நிலக் கணக்கு யார் கையில இருக்கோ அவங்க சொன்னதுதான் சட்டம், அந்த நோட்டைப் புடுங்கினதுல எத்தனை பேருக்கு மூச்சு வந்துச்சுன்னு கிராமத்துல இருந்தவங்களுக்குத்தான் தெரியும். அப்புறம் 1985ல தாலுகாக்களை உடைச்சு சின்னச் சின்ன மண்டலங்களைக் கொண்டு வந்து தாலுகா ஆபீஸை ஜனங்க கிட்டக்க கொண்டு வந்தார். ரெண்டாவது, இந்து குடும்பச் சொத்துல பொண்ணுக்கும் பையனுக்குச் சமமா பங்குன்னு கொண்டு வந்த சட்டத்திருத்தம். தமிழ்நாட்டுல கலைஞர் அதை 1989ல கொண்டு வந்தார், நாடு முழுக்க வர 2005 ஆச்சு. எங்க சொந்தத்துலயே அந்தச் சட்டம் இருந்ததாலதான் பொண்ணுங்க கைநாட்டு வெச்சு விட்டுக் கொடுக்காம நின்னாங்க. நம்ம சென்னைக்கு ஒரு விஷயம், கிருஷ்ணா தண்ணி, தெலுங்கு கங்கை ஒப்பந்தம் 1983ல எம்ஜிஆரும் இவரும் போட்டது. தண்ணி சென்னைக்கு குடிதண்ணி தர்ற பூண்டி ஏரிக்கு வந்து சேர்ந்தது 1996ல, அப்ப ரெண்டு பேருமே உயிரோட இல்ல.

ஆனா அவர்கிட்ட ஒரு சுபாவம் இருந்துச்சு. எல்லாமே நான், நேரா நான், என் ஜனங்க. அரசு ஊழியர் ஓய்வு வயசை 58லேருந்து 55க்கு ஒரேயடியா குறைச்சார், அவங்க ஸ்ட்ரைக்ல இறங்கிட்டாங்க. மேலவையை 1985ல மூடினார். 1989 பிப்ரவரியில பட்ஜெட் விவரம் வெளியில போயிடுச்சுன்னு 31 மந்திரிகளையும் ஒரே நாள்ல நீக்கினார். ஒருத்தரையாவது கூப்பிட்டுப் பேசினாரா? எம்எல்ஏக்கள் அவரைப் பார்க்கவே காத்துக் கிடக்கணும். அதே வருஷக் கடைசியில வந்த தேர்தல்ல ஆட்சியே போச்சு, கல்வகுர்த்தியில அவரே தோத்தார். காங்கிரஸை எதிர்த்த கூட்டணியான தேசிய முன்னணிக்குத் தலைவரா இருந்து டெல்லியில வி.பி.சிங் ஆட்சி வர உதவின அதே தேர்தல்ல சொந்த மாநிலத்துல அவர் கட்சிக்கு கிடைச்ச எம்பி சீட் ரெண்டே ரெண்டு.

இப்ப 1984, 1995னு ரெண்டு ஆகஸ்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கணும், உங்க கேள்விக்கு பதில் அங்கதான் இருக்கு.

1984 ஆகஸ்ட். அமெரிக்காவுல இதய ஆபரேஷன் பண்ணிக்கிட்டு திரும்பி வந்த கொஞ்ச நாள்லயே நிதியமைச்சர் நாதெண்ட்ல பாஸ்கர ராவ் எனக்குத்தான் பெரும்பான்மைன்னு சொல்ல, கவர்னர் ராம்லால் அதை நம்பி ஆகஸ்ட் 16ல என்டிஆரை டிஸ்மிஸ் பண்ணிட்டார். என்டிஆர்கிட்ட 160க்கு மேல எம்எல்ஏக்கள் இருந்தாங்க. அவங்களை எல்லாம் டெல்லிக்கு கூட்டிக்கிட்டுப் போய், வீல்சேர்ல உட்கார்ந்து ஜனாதிபதி ஜெயில் சிங் முன்னாடி கணக்கு காட்டினார், அப்புறம் ராமகிருஷ்ண ஹெக்டே ஆட்சியில இருந்த கர்நாடகாவுல அவங்களைப் பத்திரமா வெச்சிருந்தாங்க. தெருவுல ஜனங்க, கூட எல்லா எதிர்க்கட்சியும். ராம்லால் போய் சங்கர் தயாள் சர்மா கவர்னரா வந்தார், சரியா ஒரு மாசத்துல செப்டம்பர் 16ல என்டிஆர் திரும்ப முதலமைச்சர். அந்த டிசம்பர்ல இந்திரா காந்தி இறந்த அனுதாபத்துல நாடு முழுக்க காங்கிரஸ் ஜெயிச்சப்பவும் ஆந்திராவுல தெலுங்கு தேசம் 30 எம்பி வாங்கி லோக்சபாவுல பெரிய எதிர்க்கட்சி ஆச்சு, ஒரு மாநிலக் கட்சிக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

இதுல எல்லாரும் ஜனங்க எழுச்சின்னு மட்டும் சொல்றாங்க. ஜனங்க எழுந்தது நிஜம், ஆனா அவரைத் திரும்ப உட்கார வெச்சது அந்த 160 எம்எல்ஏக்களும் விலை போகாம நின்னதுதான். அந்த எம்எல்ஏக்களைக் கட்டிக் காத்து, எண்ணி, கூட்டிக்கிட்டுப் போன வேலையைப் பண்ணினவங்கள்ல முக்கியமானவர் மருமகன் சந்திரபாபு நாயுடு. இவர் 1983ல காங்கிரஸ் மந்திரியா எங்க மாவட்டம் சந்திரகிரியில நின்னு மாமனார் கட்சிகிட்டயே தோத்தவர், அப்புறம்தான் தெலுங்கு தேசத்துக்கு வந்தார். மாமனார் மேடையில இருக்கிற நேரத்துல இவர் கட்சி ஆபீஸ்ல உட்கார்ந்து உறுப்பினர் லிஸ்ட், பயிற்சி முகாம், மாவட்டத் தலைவர் யாருங்கிற வேலையை வருஷக்கணக்கா பண்ணினார். மாமனார் விட்டு வெச்ச இடத்தை முழுக்க இவர்தான் நிரப்பினார்.

1994ல என்டிஆர் திரும்ப வந்தது எப்படின்னு பார்த்தா அதுவும் ஜனங்ககிட்ட நேரா போனதாலதான். நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவுல 1992ல பொம்பளைங்க சாராயக் கடையை மூடுன்னு கிளம்பினது மாநிலம் முழுக்க பரவுச்சு. அவர் ஆட்சியிலயே வருண வாகினின்னு பாக்கெட் சாராயம் கிராமம் கிராமமா போச்சு, ஒரு பக்கம் ரெண்டு ரூபாய்க்கு அரிசி கொடுத்து மறுபக்கம் அந்த வீட்டு கூலியையே சாராயத்துல அரசாங்கம் திரும்ப வாங்கிக்கிச்சு, இது அவர் பண்ணின பெரிய தப்பு, அந்தப் பொம்பளைங்கதான் அதை அவருக்குப் புரிய வெச்சாங்க. பூரண மதுவிலக்குன்னு வாக்கு கொடுத்தார், 216 இடம் ஜெயிச்சார், காங்கிரஸுக்கு 26தான், பதவி ஏத்த மேடையிலயே மதுவிலக்குக்கு கையெழுத்து போட்டார்.

அப்புறம் எட்டே மாசம். 1993ல லட்சுமி பார்வதியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டதுலேருந்து குடும்பத்துல புகைஞ்சுக்கிட்டு இருந்துச்சு, கட்சியில அவங்க தலையீடு அதிகம்னு எம்எல்ஏக்கள் குறை சொன்னாங்க. எல்லாத்துக்கும் அந்தம்மாதான் காரணம்னு பேசறதை நான் ஒத்துக்க மாட்டேன், மகன்களும் மருமகன்களும் பதவியில இருந்தப்ப வராத கோபம் ஒரு பொம்பளை வந்தவுடனே வந்துச்சுங்கிறதையும் பார்க்கணும். 1995 ஆகஸ்ட்ல என்டிஆர் வடக்கு ஆந்திராவுல சுற்றுப்பயணத்துல இருக்கும்போது ஹைதராபாத் வைஸ்ராய் ஹோட்டல்ல எம்எல்ஏக்கள் நாயுடு பின்னாடி சேர்ந்துட்டாங்க, மகன் ஹரிகிருஷ்ணா உட்பட. என்டிஆர் சட்டசபையைக் கலைக்கச் சொல்லி சிபாரிசு பண்ணினார், நடக்கல. அதே சைதன்ய ரதத்துல ஏறி ஹோட்டல் வாசலுக்கே போய் மைக்ல எம்எல்ஏக்களை வெளிய வாங்கன்னு கூப்பிட்டார், செருப்புதான் வந்து விழுந்துச்சு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மாநிலத்தையே நிறுத்தின குரல் அது.

1984ல டெல்லி எதிரி, கவர்னர் எதிரி, ஜனங்களுக்கு யார் பக்கம் நிக்கணும்னு தெளிவா தெரிஞ்சுது. 1995ல எதிரி வீட்டுக்குள்ள, கட்சி அதே கட்சி, சின்னம் அதே சைக்கிள், ரேஷன் கடையில அரிசி நிக்கல, தெருவுல இறங்க ஜனங்களுக்கு ஒரு காரணம் கிடைக்கல. நடுவுல நின்னு ஜனங்ககிட்ட போய் இது அநியாயம்னு சொல்ல வேண்டிய உள்ளூர் தலைவர்கள் எல்லாரும் நாயுடு உருவாக்கினவங்க. செப்டம்பர் 1ல நாயுடு முதலமைச்சர். 1996 ஜனவரி 18ல என்டிஆர் மாரடைப்புல போயிட்டார், 72 வயசு. இறுதி ஊர்வலத்துல ஹைதராபாத்ல கடல் மாதிரி ஜனம், எங்க தெருவுல அன்னைக்கு அடுப்பு பத்த வைக்கல.

அதே வருஷம் லோக்சபா தேர்தல் வந்துச்சு. லட்சுமி பார்வதி அவர் படத்தை வெச்சுக்கிட்டு தனியா நின்னாங்க, ஒரு சீட் கூட வரல. நாயுடுவோட தெலுங்கு தேசத்துக்கு 16. எங்க தெருவுல அன்னைக்கு அழுதவங்கள்ல நிறைய பேர் சைக்கிளுக்குத்தான் குத்தினாங்க. அதே 1996ல அரிசி விலை மூணரை ரூபாய் ஆச்சு, மதுவிலக்கு 1997ல போச்சு.