நாள் தள்ளிப்போகும் முன்பே

கேள்வி: எனக்கு வயது 29. திருமணமாகித் தஞ்சாவூரிலிருந்து சிங்கப்பூர் வந்து, ஈசூனில் வசிக்கிறேன். கணவர் என் அத்தை மகன். அடுத்த ஆண்டு குழந்தை பெற எண்ணுகிறோம். நான் சைவம், உயரம் 160 சென்டிமீட்டர், எடை 68 கிலோ, அம்மாவுக்கு நீரிழிவு உண்டு. “நாள் தள்ளிப்போனதும் டாக்டரைப் பார்த்தால் போதும், இப்போதே என்ன அவசரம்?” என்கிறார் அத்தை. அது சரியா?

பதில்: அத்தை காலத்து வழக்கம் அது, ஆனால் கணக்கு இடிக்கிறது. குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரவிருக்கும் நரம்புக்குழாய், கரு உருவான 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போனது தெரியவே அதில் பாதி கழிந்துவிடும்; ஒரு வாரம் பொறுத்துப் பரிசோதித்து, மருத்துவரைக் காண்பதற்குள் மீதியும் போய்விடும். ஆகவே அக்குழாய் சரியாக மூட உதவும் ஃபோலிக் அமில மாத்திரையை, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் வீதம், கருத்தரிப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்கி, கர்ப்பத்தின் 12ஆம் வாரம்வரை உட்கொள்ளுங்கள். தேக்கா சந்தையில் வாங்கும் கீரைகள் நல்லவைதாம். ஆயினும் சமைக்கும்போது அவற்றிலுள்ள ஃபோலேட் (ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவம்) கணிசமாகக் குறைவதால், அவை மாத்திரைக்கு ஈடாகா. சைவர் என்பதால் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்கவைத்தது ‘அத்தை மகன்’ என்ற சொல். உறவில் மணந்தது குற்றமன்று. ஆனால் ஒரே குடும்பத்து மரபணுக் குறை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. அத்தகைய குறைகளுள் இங்கு எளிதில் கண்டறியக்கூடியது தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய். அதன் மரபணுவைச் சுமப்பவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். லேசான சோகை தென்பட்டாலும், இரும்புச்சத்துக் குறைவென்று நினைத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இருவரும் அதன் ஒரு வகையான பீட்டா தலசீமியாவைச் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ இருவரும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஆலோசனை பெற அவகாசம் இருக்கும்போதே விடை தெரிவது நல்லது.

அப்போதே சர்க்கரையையும் பாருங்கள். உங்கள் உடல் எடைக் குறியீடு ஏறத்தாழ 26.6; ஆசியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை. கட்டுப்படாத சர்க்கரை முதல் வாரங்களிலேயே குழந்தையின் இதய வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். மூன்று, நான்கு கிலோ குறைத்தாலே பயனுண்டு, பட்டினி வேண்டாம்.

இன்னொன்று: இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில், கருவைப் பாதிக்கக்கூடிய ரூபெல்லாவுக்கான (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசி சேர்ந்தது 2017இல்தான் என்பதால், சிறுவயதில் உங்களுக்கு அது போடப்படாமல் இருந்திருக்கலாம். எதிர்ப்பாற்றல் இல்லையெனில் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பத்தின்போது போட இயலாது, போட்டபின் ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். ஊரிலிருந்து வரும் செந்தூரம், பற்பம் போன்ற உலோக மருந்துகளை (அத்தை அன்போடு தந்தாலும்) மருத்துவரிடம் காட்டாமல் உண்ணாதீர்கள்.

கேள்வி: குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். நான் புகைப்பவன், ஆனால் வீட்டுக்குள் அல்ல. பரிசோதனையெல்லாம் மனைவிக்குத்தானே?

பதில்: இல்லை. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது. புகை அதன் எண்ணிக்கையையும் தரத்தையும் கெடுக்கிறது. இன்று நிறுத்தினால் பலன் மூன்றாம் மாதத்தில்தான் தெரியும். தலசீமியா பரிசோதனைக்கு மனைவியுடன் நீங்களும் கையை நீட்டுங்கள்.