மேற்பார்வை என்றால் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவதா?

சேர்வராயன் மலையில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து, அவர்களை மேற்பார்வை செய்யும் பகுதி சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள் நான். மலையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கேட்டவற்றுக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, இப்போதுதான் பகுதி சுகாதார செவிலியராகப் பதவி உயர்வு வந்தது. துணை சுகாதார நிலையங்களுக்குப் போகிறேன், ரெஜிஸ்டரைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன், வருகிறேன். இது போதுமா?

பதில்: போதாதும்மா. ஆனால் நானும் முதல் இரண்டு வருஷம் அதைத்தான் செய்தேன். ஒரு நாள் பஸ் வரவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு கர்ப்பிணி வந்தாள். செவிலியர் பிரஷர் பட்டையை ஸ்வெட்டருக்கு மேலேயே சுற்றினாள், காற்றை அடித்தாள், 110/70 என்று எழுதினாள். பக்கத்தைத் திருப்பினால் எல்லாருக்கும் 110/70. அந்தப் பக்கத்தில் என் கையெழுத்தும் இருந்தது!

கர்ப்பிணி போன பிறகு, “இந்த வேலையில உனக்கு எது கஷ்டமா இருக்கு?” என்று மட்டும் கேட்டேன். அழுதுவிட்டாள். டியூபில் காற்று கசிந்து மூன்று மாதம் ஆகிறதாம். இரண்டு முறை எழுதிக் கேட்டும் வரவில்லையாம். அவள் பொய் எழுதியது தப்புதான். டியூபை வாங்கித் தராதது யார் தப்பு?

அதற்குப் பிறகு என் முறையை மாற்றிக்கொண்டேன். முதலில் வேலையைப் பக்கத்திலிருந்து பார்ப்பேன், ரெஜிஸ்டர் கடைசியில்தான். நோயாளி முன்னால் திருத்த மாட்டேன். ஒரு தடவைக்கு ஒரு திருத்தம், அதற்கு மேல் வேண்டாம். அவளுக்கு நான் செய்து தர வேண்டியதை என் நோட்டில் எழுதிக்கொள்வேன். அடுத்த முறை போனதும் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

கேள்வி: கர்ப்பிணிகளிடம் இரும்புச்சத்து மாத்திரை பற்றி எவ்வளவு விளக்கினாலும் “சரிங்க, சரிங்க” என்று தலையாட்டுகிறார்கள். ஹீமோகுளோபின் மட்டும் 9-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது.

பதில்: “புரிஞ்சுதா?” என்று கேட்டால் யாரும் புரியவில்லை என்று சொல்ல மாட்டார்கள். “மாமியார் இது என்ன மாத்திரைன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். சங்கதி தானாக வெளியே வரும். எனக்கு ஒரு பெண் சொன்னாள்: “காலையில வரக்காப்பியோட போட்டுக்கறேங்க.” காப்பி விளையும் ஊரில் வேறு எதோடு போடுவாள்? காப்பியும் டீயும் இரும்புச்சத்து உடம்பில் சேர விடாது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரில் போடச் சொன்னேன். எலுமிச்சையோ நம்ம மலை ஆரஞ்சோ சேர்ந்தால் இன்னும் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்பதை மாத்திரை கொடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் அதைப் பார்த்து மிரண்டுதான் நிறுத்துகிறார்கள்.

கேள்வி: நான் வீடு வீடாகப் போகும் ஆஷா சுகாதாரப் பணியாளர். பத்து மணிக்குப் போனால் காப்பித் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் ஆளே இல்லை.

பதில்: காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் பத்து மணிக்கு யாரம்மா வீட்டில் இருப்பார்கள்? விடியற்காலை போங்கள். இல்லையென்றால் மேஸ்திரியிடம் சொல்லிவைத்து, சாயங்காலம் பழம் அளக்கும் இடத்தில் பிடியுங்கள்.

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த டாக்டர் நான். சிசுப் பராமரிப்புப் பயிற்சியில் அறுபது ஸ்லைடு காட்டினேன். மறுவாரம் கேட்டால் எதுவும் நினைவில்லை.

பதில்: தம்பி, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, வயிற்றைப் புரட்டிக்கொண்டு சேலம் வந்தவர்களுக்கு அறுபது ஸ்லைடா! பயிற்சியை மேலேயே வையுங்கள். ஒரு பொம்மை, ஒரு தெர்மாமீட்டர், ஒரு கடிகாரம் போதும். பிறந்த 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் ஆஷா வீட்டுக்குப் போக வேண்டுமே, அதை நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருத்தி தாய், ஒருத்தி முரண்டு பிடிக்கும் பாட்டி. (பாட்டி வேஷத்துக்குத்தான் எப்போதும் போட்டி.) நிஜக் குழந்தை கிடைத்தால் மூச்சை முழு நிமிடம் எண்ணட்டும். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு எண்ணிக்கை 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து. பால் குடிக்காமை, உடம்பு சில்லிடுவது, வலிப்பு இவையும் அப்படித்தான். ஸ்லைடில் படித்தது மறந்துபோகும். பாட்டியிடம் வாதாடி ஜெயித்தது மறக்காது.

கேள்வி: சமவெளியில் துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர், மலையில் 3,000 பேர்தானே? உங்களுக்கு வேலை குறைவு என்கிறார்கள்.

பதில்: அப்படிச் சொல்பவரை ஒரு நாள் மழையில் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வரச் சொல்லுங்கள். சாயங்காலம் பேசிக்கொள்ளலாம்.