வால்வு மூடியதும் அதிரும் குழாய்

கேள்வி: வாஷிங் மெஷின் தண்ணீர் எடுத்து நிறுத்தும் ஒவ்வொரு முறையும் சுவரை ஒட்டிய குழாய் ‘தடார்’ என்று அதிர்கிறது. முனை மூடிய துண்டுக் குழாய் ஒன்றைச் செங்குத்தாகப் பொருத்திய பிறகு சில மாதங்கள் அடங்கியிருந்த ஓசை இப்போது மீண்டும் கேட்கிறது. இதனால் குழாய்க்குக் கெடுதி உண்டா? நிலையான தீர்வு எது?

பதில்: கெடுதி உண்டு, ஓசைதானே என்று விட்டுவிடாதீர்கள். இதை ‘வாட்டர் ஹாமர்’ என்பார்கள். மெஷினுக்குள் மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு ஓடும் நீரைச் சட்டென்று தடுத்துவிடுவதால், அங்கே எழும் அழுத்த அலை குழாய் நெடுகப் போய்த் திரும்பி வந்து மோதுகிறது. நீரின் அடர்த்தி, குழாயில் அலை செல்லும் வேகம், நீரோட்டம் இழந்த வேகம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் இந்த அழுத்த உயர்வு கிடைக்கும் என்பதை ரஷ்ய அறிஞர் நிக்கோலாய் ஜுக்கோவ்ஸ்கி 1898-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். உலோகக் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் நீர் திடீரென நின்றால், வழக்கமான அழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ 12 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) கூடிவிடும். பிளாஸ்டிக் குழாய் சற்று விரிந்து கொடுப்பதால் அதில் இது வெகுவாகக் குறையும். ஆயினும் இந்த அடியை நாள்தோறும் வாங்கும் இணைப்புகள் ஒருநாள் கசியத் தொடங்கலாம்.

செலவில்லாத வழியை முதலில் செய்து பாருங்கள். மெஷினுக்குத் தண்ணீர் வரும் குழாயின் வால்வைச் சற்றுக் குறைத்து வையுங்கள். நீரின் வேகம் பாதியானால் அடியும் பாதியாகும். மெஷின் நிரம்பக் கொஞ்சம் நேரம் கூடுதலாகும், அவ்வளவே. வீட்டுக்குள் வரும் அழுத்தமே மிகுதி என்றால், அழுத்தக் குறைப்பு வால்வு பொருத்தி அதை 3 பார் அளவில் வைக்கலாம்.

துண்டுக் குழாயில் அடைபட்டிருந்த காற்றுதான் இதுவரை மெத்தைபோல் அடியை வாங்கிக்கொண்டது. அந்தக் காற்று நாளடைவில் நீரில் கரைந்துபோக, இப்போது அங்கே தண்ணீர் நிரம்பியிருக்கும். பிரதான வால்வை மூடிக் குழாய்களை முழுவதுமாக வடித்தால் காற்று மீண்டும் புகும். ஆனால் சில மாதங்களில் பழைய கதைதான். காற்றையும் நீரையும் பிஸ்டனோ சவ்வோ பிரித்து வைத்திருக்கும் ‘அரெஸ்டர்’ என்ற கருவியே நிலையான தீர்வு என்பது என் கருத்து. அதை மெஷினின் வால்வுக்கு மிக அருகில் பொருத்த வேண்டும். தள்ளி வைத்தால் பயன் குறையும். வெந்நீர் இணைப்பும் இருந்தால் அதற்குத் தனியாக ஒன்று வேண்டும்.

தளர்ந்த குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்குவது அவசியமே. ஆனால் அது குழாய் ஆடுவதை நிறுத்துமே தவிர அழுத்தத்தைக் குறைக்காது. மெஷின் ஓடாத வேளையில், தண்ணீர் ஏற்றும் மோட்டார் நிற்கும்போதும் இதே ஓசை கேட்டால், திரும்பி வரும் நீர், ஒரே திசையில் மட்டும் ஓட்டத்தை விடும் செக் வால்வை அறைந்து மூடுகிறது என்று பொருள். நீர் திரும்புமுன்பே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வகைச் செக் வால்வை அங்கே மாற்றிப் போடச் சொல்லுங்கள்.