கப்பலில் ஒரு பருவம்: படிப்புதான், சந்தேகமே வேண்டாம்

நீங்கள் கேட்டிருப்பது இது: ஒரு பருவம் முழுவதும் கப்பலில் உலகைச் சுற்றிக்கொண்டே படிக்கும் 'செமஸ்டர் அட் சீ' திட்டம் உண்மையில் படிப்பா, வசதியான வீட்டுப் பிள்ளைகளின் சுற்றுலாவா? வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது எட்டுமா?

நான் ஆம்பூர்க்காரி. கல்லூரியில் படிக்கும்போது அந்தக் கப்பலில் ஒரு பருவம் இருந்தேன். படிப்புதான் என்று அடித்துச் சொல்வேன்.

கடலில் போகும் நாட்களில் சனி, ஞாயிறு என்ற பேச்சே இல்லை. ஏ நாள், பி நாள் என்று வகுப்புகள் மாறி மாறி நடக்கும். வருகைப்பதிவில் கண்டிப்பு அதிகம். துறைமுகத்தில் நிற்கும்போது வகுப்பு கிடையாது. ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஏதாவது ஒரு துறைமுகத்தில் களப்பயண வகுப்பு உண்டு. மொத்த மதிப்பெண்ணில் குறைந்தது 20 சதவீதம் அதற்குத்தான். 2016 முதல் மதிப்பெண் சான்றிதழ் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருகிறது. யோசனையும் பழையது: 1926-லேயே ரிண்டாம் என்ற கப்பல் சுமார் 500 மாணவர்களோடு உலகைச் சுற்றியது. இப்போதைய திட்டம் 1963-ல் தொடங்கியது.

நாங்கள் போனது வேர்ல்ட் ஒடிஸி என்ற கப்பலில். 175 மீட்டர் நீளம். கரையில் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஹொனலூலுவிலிருந்து கோபே போகும் வழியில், குளிர்காலப் பசிபிக்கில், அது எவ்வளவு சிறியது என்று தெரிந்துவிடும். பேராசிரியர் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துவார். பேனா உருண்டு பக்கத்துப் பெண்ணின் மடிக்குப் போகும். அம்மா கட்டிக் கொடுத்த இஞ்சி மரப்பா மிட்டாயை முதல் வாரத்திலேயே வகுப்பு முழுவதும் பங்கு போட்டுத் தீர்த்துவிட்டோம். மேற்கே போவதால் பல இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். கூடுதல் தூக்கம் கிடைக்கும். ஆனால் சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டும்போது நாட்காட்டியில் ஒரு முழு நாளே போய்விடும்.

இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். நான் சொல்ல வந்தது வேறு.

வங்காள விரிகுடாவில் போய்க்கொண்டிருந்தோம். சுற்றுச்சூழல் கொள்கை வகுப்பு. அன்றைய பாடம், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு. பேராசிரியர் பலகையில் எழுதிய வழக்கின் பெயர்: வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம், 1996. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றில் கலந்ததை எதிர்த்துத் தொடுத்த வழக்கு. அந்தக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதிதான் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது அதில்தான். வேலூர் அடங்கிய அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தோடு வேறு சில மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. என் அப்பா அப்படி ஓர் ஆலையில் சூப்பர்வைசர். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். இந்தத் தீர்ப்பைப் பற்றி ஊரில் எந்தப் பள்ளியிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

கொச்சியில் கப்பல் நின்றதும், களப்பயண வகுப்பை முடித்துக்கொண்டு, வகுப்புத் தோழிகள் இருவரோடு எர்ணாகுளத்தில் இரவு ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கினேன். அங்கிருந்து ஆம்பூருக்குப் பஸ். பாலாற்றில் மணலும் சீமைக் கருவேலமும்தான் இருந்தன. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் அத்தை அன்று விடுப்புப் போட்டு வீட்டில் இருந்தார். கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பீர்களா என்று தோழி கேட்டதை நான் தமிழில் சொன்னேன். அத்தை, "குடிக்கிற தண்ணீரை விலைக்குத்தான் வாங்குகிறோம், கண்ணு. கம்பெனி இல்லையென்றால் வாங்கக் காசும் இருக்காது" என்றார்.

கப்பலுக்குத் திரும்பியதும் அந்தப் பதிலைத் தோழி தன் கட்டுரையில் அப்படியே எழுதினாள். பேராசிரியர் ஒரு முழு வகுப்பை அதற்கே ஒதுக்கினார். அபராதம் யாரிடமிருந்து வருகிறது, யாருக்குப் போய்ச் சேருகிறது, பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் செலவை யார் தாங்குவது, மலிவாகச் செருப்பு வாங்கும் வெளிநாட்டுக்காரருக்கு இதில் பங்கு இல்லையா என்று விவாதம் சாப்பாட்டு மேசை வரை நீண்டது. இதைச் சுற்றுலா என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அடுத்து, எட்டுமா என்ற கேள்வி. கட்டணம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்; உதவித்தொகை இல்லாமல் எங்கள் வீட்டில் நினைத்தே பார்த்திருக்க முடியாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவித்தொகைகள் உண்டு. எனக்குப் பெரும்பகுதி அப்படித்தான் வந்தது. மீதிக்கு அப்பா பி.எஃப். பணத்தை எடுத்தார்.

பணத்துக்கு அடுத்த தடை விசா. அமெரிக்கத் தோழிகளுக்கு ஜப்பானுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் விசாவே தேவையில்லை. நமக்குப் பல துறைமுகங்களுக்கு வேண்டும். ஒரு தூதரகத்தில் பாஸ்போர்ட் சிக்கிக்கொண்டால் அடுத்ததில் விண்ணப்பிக்க முடியாது. ஓரிடத்தில் என் பாஸ்போர்ட்டை வாரக்கணக்கில் வைத்துக்கொண்டு காரணமும் சொல்லவில்லை. வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. ஆகவே இடம் உறுதியான அன்றே பயண வரிசையை எடுத்து வைத்துக்கொண்டு, அதிக நாள் எடுக்கும் நாட்டுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கங்கள் போதுமான அளவு இருக்கின்றனவா என்று அதற்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.